கிழங்கு அறையில் மாமனாரோடு

அந்த ஹோட்டலில் அவனை எல்லாரும் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிட்டார்கள். மாமனார் அப்படிக் கூப்பிட்டதில் ஒரு நியாயம் இருந்தது. பாத்திரம் கழுவுகிற அம்மாள், பால்காரர், மதியச் சாப்பாட்டுக்கு வரும் பக்கத்து வங்கி ஊழியர்கள் என்று தெருவே அதைப் பிடித்துக்கொண்டதுதான் வேடிக்கை. ஒருநாள் கூரியர்க்காரர் வாசலில் நின்று அவனுடைய சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தபோது, "அப்படி இங்க யாரும் இல்லையே" என்று அவனே சொல்லிவிட்டான். அவர் வண்டியைக் கிளப்பிய பிறகுதான் உறைத்தது. பின்னாலேயே ஓடினான்.

கல்யாணத்துக்கு முன் அவன் ஒரு பயணிகள் கப்பலில் சமையல்காரனாக இருந்தவன். அந்தச் சமையலறையில் பல நாட்டுக்காரர்கள் தோளை இடித்துக்கொண்டு வேலை செய்தார்கள். ஓய்வு நேரத்தில் ஆளுக்கொரு நாள் தன் வீட்டுச் சமையலைச் செய்து மற்றவர்களுக்குப் போடுவார்கள். அவன் கண் பார்த்தால் கை செய்துவிடும். மீனோ கறியோ காயோ, எந்தத் தேசத்து வாணலியைக் கொடுத்தாலும் திணறமாட்டான்.

மாமனாருக்கு உருளைக்கிழங்கு மண்டி. மனைவி தவறிப்போய் வெகு காலம் ஆகிவிட்டது. ஒரே மகளைக் கையில் வைத்துத் தாங்கி வளர்த்தவர். கல்யாணப் பேச்சு நடந்தபோது, பையன் சமையல்காரன் என்று தெரிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "உருளைக்கிழங்குல உங்களுக்கு என்னென்ன வரும்?" என்பதுதான். அவனும் யோசிக்காமல், "எந்த நாட்டுக்குப் போனாலும் உருளைக்கிழங்கு இருக்குதுங்க. அத்தனையும் வரும்" என்று சொல்லித்தொலைத்தான். அந்த ஒரு பதிலில் அவன் தலையெழுத்து முடிவாகிவிட்டது.

மண்டியின் முன்பக்கத்தை இடித்து மாமனார் ஒரு ஹோட்டல் கட்டினார். 'உலக உருளை' என்று பலகை மாட்டினார். உருளைக்கிழங்கு இல்லாத ஒரு பண்டம் கூட அங்கே கிடையாது. முதல் வருடம் மாப்பிள்ளைக்கும் அது உற்சாகமாகத்தான் இருந்தது. இரண்டாம் வருடம் அலுத்தது. அதற்குப் பிறகு அவன் வருடங்களைப் பிரித்துப் பார்ப்பதையே விட்டுவிட்டான். மாடியில் வீடு. படியிறங்கினால் சமையலறை. சமையலறையின் ஒரே ஜன்னல் மண்டிக்குள் திறந்தது. அதன் வழியாக வெளிச்சம் வராது, மண்வாடைதான் வரும். வாசலில் விட்ட அவன் செருப்பு தேயவே இல்லை.

ஒருமுறை, வேலை செய்கிறவர்களுக்காக ஆசைப்பட்டு மீன் பொரித்தான். மாமனார் மூக்கைப் பிடிக்கவில்லை, முகத்தைச் சுளிக்கவில்லை. "மாப்ள, கடைக்குன்னு ஒரு பேர் இருக்கு. நீங்க படிச்சவங்க, உங்களுக்குத் தெரியாததா?" என்றார். அவ்வளவுதான். அந்த மரியாதைதான் அவனைக் கட்டிப்போட்டது. திட்டினால் திருப்பித் திட்டலாம். வாங்க, உட்காருங்க, சாப்பிட்டீங்களா என்று கேட்கிறவரிடம் எப்படி மல்லுக்கு நிற்பது?

தினமும் மதியம் அடுப்பு உச்சத்தில் இருக்கும்போது மாமனார் வந்து சமையலறை வாசலில் நிற்பார். எதுவும் பேசமாட்டார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போவார். மேற்பார்வை என்று மாப்பிள்ளை பல்லைக் கடித்துக்கொள்வான். மாமனாருக்குச் சர்க்கரை வியாதி. தன் கடைப் பண்டம் ஒன்றைக் கூட அவர் வாயில் வைத்ததில்லை.

இப்படியிருக்கையில், கப்பலில் தலைமைச் சமையல்காரராக இருந்தவர் போன் செய்தார். கடலோர ஊர் ஒன்றில் சின்னதாக உணவகம் ஆரம்பித்திருந்தார். "வந்துடுடா. காலையில படகு வரும். என்ன மீன் வருதோ அதை வச்சு உன் இஷ்டத்துக்குச் சமை. மெனுவே கிடையாது" என்றார். மெனுவே கிடையாது என்ற சொல் மாப்பிள்ளையின் காதுக்குள் நாள் முழுக்க ரீங்காரமிட்டது.

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவியிடம் மெல்ல ஆரம்பித்தான். அவள் கேட்டு முடித்துவிட்டு, மகளின் பாவாடையை இரண்டாக மடித்து நான்காக மடித்து மறுபடியும் பிரித்தாள்.

"அப்பாகிட்ட நீங்களே பேசுங்க. நான் போலாம்னும் சொல்ல மாட்டேன், இருக்கலாம்னும் சொல்ல மாட்டேன்."

"உனக்குன்னு ஒரு எண்ணம் இருக்கும்ல?"

"இருக்கும். அதை ஏன் இப்பக் கேக்கறீங்க?"

அந்த வார விடுமுறை நாளில் அவள் மகளைக் கூட்டிக்கொண்டு பக்கத்து ஊரில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போயிருந்தாள். ஹோட்டலில் வேலை செய்கிறவர்களுக்கும் லீவு. மதியம் மாமனார் மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தார். மகள் மூடி வைத்துவிட்டுப் போன பாத்திரங்களை ஒவ்வொன்றாகத் திறந்தார். எதிரில் நின்ற மாப்பிள்ளை, இப்போது இல்லாவிட்டால் எப்போதும் இல்லை என்று தோன்ற, பட்டென்று சொல்லிவிட்டான்.

"மாமா, வேற ஊர்ல ஒரு வேலை வந்திருக்கு. நான் போகலாம்னு இருக்கேன்."

மாமனார் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே அவனைப் பார்த்தார். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல், "நாளைக்கு வேண்டிய கிழங்கை எடுத்து வெளிய வைக்கணும்" என்று முணுமுணுத்துவிட்டு மாப்பிள்ளை கீழே இறங்கிப் போய்விட்டான். அதில் பொய் இல்லை. குளிரில் கிடந்த கிழங்கை அப்படியே எண்ணெயில் போட்டால் கறுத்துவிடும். முந்தின நாளே வெளியே எடுத்துக் குளிர் போக வைக்க வேண்டும்.

மண்டியின் பின்கோடியில் இருந்தது குளிரறை. தகரத்துக்கு நடுவே பஞ்சு மாதிரி எதையோ அடைத்த, ஒரு முழம் கனத்த சுவர்கள். உள்ளே கிழங்கு உறையவும் கூடாது, முளைக்கவும் கூடாது. அந்த அளவுக்குக் குளிர். கதவை உள்ளிருந்து திறக்கிற கைப்பிடி உடைந்து பல மாதமாகிவிட்டது. மெக்கானிக்கைக் கூப்பிடச் சொல்லி மாப்பிள்ளை பலமுறை சொல்லியிருந்தான். "ஒரு செங்கல் இருக்கையில மெக்கானிக் எதுக்கு மாப்ள?" என்று மாமனார் ஒரு செங்கல்லைக் கதவுக்கு அண்டக் கொடுத்துவிட்டார். உள்ளே போகிறவர்கள் அந்தச் செங்கல்லைத் தாண்டித்தான் போவார்கள்.

அன்றும் அப்படித்தான் போனான். ஒரு மூட்டையைப் பிடித்து இழுத்தபோது பின்னால் செருப்புச் சத்தம். வாசலிலேயே செருப்பை உதறிவிட்டு மாமனார் உள்ளே வந்தார். சாப்பிடவில்லை என்பது உலர்ந்த கையிலேயே தெரிந்தது.

"என்ன மாப்ள, தலையில கல்லைப் போட்டுட்டு நீங்க பாட்டுக்கு இறங்கி வந்துட்டீங்க?"

"சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டேன் மாமா."

"என்ன குறை வச்சேன் உங்களுக்கு? சொல்லுங்க. இத்தனை வருஷத்துல ஒரு வார்த்தை தப்பாப் பேசியிருக்கேனா?"

"பேசியிருந்தா நல்லா இருந்திருக்கும் மாமா!" மாப்பிள்ளையின் குரல் அவனையும் மீறி உயர்ந்தது. "விடிஞ்சா கிழங்கு, பொழுது போனா கிழங்கு. என் வேர்வை கூட மாவு வாசம் அடிக்குது!"

"மெதுவா, மெதுவா. பக்கத்துல டெய்லர் கடை திறந்திருக்கு. குடும்பத்து விஷயம் தெருவுக்குப் போகக் கூடாது."

சொல்லிக்கொண்டே மாமனார் திரும்பினார். காலால் செங்கல்லை வெளியே தள்ளினார். கதவை இழுத்துச் சாத்தினார்.

கதவு டப்பென்று ஒட்டிக்கொண்டது. அடுத்த பேச்சைத் தொடங்க வாயைத் திறந்த மாமனார் அப்படியே நின்றார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கதவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

முதலில் தட்டினார்கள். பிறகு உதைத்தார்கள். பிறகு இருவரும் சேர்ந்து கத்தினார்கள். கனத்த சுவர் அத்தனையையும் விழுங்கிக்கொண்டது. எந்தச் சத்தம் தெருவுக்குப் போய்விடுமோ என்று பயந்தாரோ, அதே சத்தத்தைத் தெருவுக்கு அனுப்ப மாமனார் தொண்டை கிழியக் கத்த வேண்டியிருந்தது. டெய்லர் மிஷினோடு ரேடியோவையும் ஓடவிடுகிறவர். அவருக்கு எதுவும் கேட்டிருக்காது. செல்போன்கள் இரண்டும் கல்லா மேஜையில் சார்ஜில் கிடந்தன.

"கைப்பிடியை மாத்துங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்?"

"நீங்க போறேன்னு சொல்லாம இருந்தா நான் எதுக்கு இதுக்குள்ள வர்றேன்?"

"செங்கல்லை எடுத்தது யாரு?"

"சத்தம் போட்டது யாரு?"

சண்டை போடவும் சூடு வேண்டியிருந்தது. கொஞ்ச நேரத்தில் அது தீர்ந்துபோனது. மாமனாரின் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை வாங்கி மாப்பிள்ளை கதவின் கீல் திருகுகளை நெம்பிப் பார்த்தான். ஒரு சாவி வளைந்தது. இன்னொன்று முறிந்தது. திருகு அசையவில்லை. மேலே மின்விசிறி ஓயாமல் குளிரை ஊதிக்கொண்டிருந்தது. மாமனார் மெல்லிய சட்டையோடு மூட்டைகளுக்கு நடுவே ஒடுங்கி நின்றார். பல் தந்தியடித்தது. அதை மறைக்க அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

மாப்பிள்ளை மூட்டைகளின் வாயைப் பிரித்துக் கிழங்கைத் தரையில் கொட்டினான். உருண்டோடிய கிழங்குகளைப் பார்த்து, "பார்த்து, அடிபட்டா அழுகிடும்" என்று மாமனார் பழக்கதோஷத்தில் பதறினார். காலி சாக்குகளின் அடிப்பக்கத்தில் முறிந்த சாவியால் ஓட்டை போட்டு, தலைக்கும் கைக்கும் வழி செய்து, ஒன்றன்மேல் ஒன்றாக அவருக்கு மாட்டிவிட்டான். தானும் மாட்டிக்கொண்டான். மீதிச் சாக்குகளை உருட்டி மின்விசிறிக்கு முன்னால் அடைத்தான். காற்று கொஞ்சம் மட்டுப்பட்டது.

மாமனார் குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டார். மார்பில் அவருடைய மண்டியின் முத்திரை தலைகீழாக இருந்தது.

"வாழ்நாள் முழுக்க மூட்டை வித்தேன். கடைசியில நானே மூட்டையாயிட்டேன்" என்றார். மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டான்.

எவ்வளவு நேரம் போனது என்று தெரியவில்லை. அந்த மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் மதியத்துக்கும் மாலைக்கும் வித்தியாசமில்லை. இருவரும் சாக்குக் குவியலில் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். திடீரென்று மாமனாரின் முதுகு வேறு மாதிரி நடுங்குவதை மாப்பிள்ளை உணர்ந்தான். திரும்பிப் பார்த்தால், அந்தக் குளிரிலும் அவர் நெற்றி வேர்த்திருந்தது. கண் எங்கோ நிலைகுத்தியிருந்தது.

"மாமா! என்ன பண்ணுது?"

"மாத்திரை போட்டுட்டேன்... சாப்பிடலை" என்றார். நாக்கு குழறியது.

சர்க்கரை இறங்கினால் என்ன ஆகும் என்று மாப்பிள்ளைக்குத் தெரியும். இனிப்பாக எதையாவது கொடுக்க வேண்டும். கண்ணுக்கெட்டிய தூரம் கிழங்கு. வெறும் கிழங்கு. அழுகை முட்டிக்கொண்டு வந்தபோதுதான் அது ஞாபகத்துக்கு வந்தது. இந்தக் கிழங்கு ஏன் எண்ணெயில் கறுக்கிறது? குளிரில் கிடந்தால் கிழங்கில் இருக்கிற மாவு கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையாகிவிடுகிறது, அதனால்தான். அவனை இத்தனை வருடம் எரிச்சல்படுத்திய சங்கதி அது.

பழைய மூட்டையாகப் பார்த்து ஒரு கிழங்கை எடுத்தான். சட்டையில் துடைத்து, பல்லால் தோலைக் கடித்துத் துப்பி, சாவியால் சுரண்டினான். சுரண்டிய விழுதை விரலில் வழித்து மாமனார் வாயருகே கொண்டுபோனான்.

"கிழங்கா? டாக்டர் கொன்னுடுவார்" என்றார் அந்த நிலையிலும்.

"டாக்டர் அப்புறமா கொல்லட்டும் மாமா. இப்ப வாயைத் திறங்க."

திறந்தார். மென்றார். இன்னொரு விரல். இன்னொன்று. அந்தப் பச்சைக் கிழங்கு எவ்வளவு தூரம் உதவியதோ, அல்லது உடம்பே சமாளித்துக்கொண்டதோ, அவனுக்குத் தெரியாது. மெதுவாக அவர் கண் அவன் முகத்தில் வந்து நின்றது.

"இனிக்குதுடா" என்றார். இத்தனை வருடத்தில் அவர் அவனை டா போட்டது அதுதான் முதல் தடவை. அவர் கவனிக்கவில்லை. அவன் கவனித்தான்.

அடுத்து அவருக்குத் தூக்கம் வந்தது. அது குளிர்த் தூக்கம். விடக்கூடாது என்று மாப்பிள்ளை அவரைப் பிடித்து உலுக்கினான்.

"தூங்கக் கூடாது மாமா. பேசுங்க."

"பேச என்ன இருக்கு? நீ பேசு."

அவனுக்கும் வேறு ஒன்றும் தோன்றவில்லை. தெரிந்ததைப் பேசினான். அடுப்பு பற்றவைப்பதிலிருந்து ஆரம்பித்தான், அந்தச் சொல்லிலாவது சூடு வரட்டும் என்று.

"சுவிட்சர்லாந்துக்காரன் ஒருத்தன் எங்க கப்பல்ல இருந்தான். முந்தின நாளே கிழங்கை அரைவேக்காடா வேகவச்சு ஆறவிட்டுடுவான். காலையில அதைத் துருவி, வெண்ணெய் காயுற வாணலியில வட்டமா பரப்பி, கரண்டியால அமுக்கி விட்டுடுவான். கிளறவே கூடாது. அடியில பொன்னிறமா மொறுமொறுன்னு ஒட்டும்போது, தட்டைக் கவுத்து அப்படியே திருப்பிப் போடுவான்."

"வெண்ணெயிலயா?"

"வெண்ணெயிலதான். வாசம் மேல்தளம் வரைக்கும் போகும்."

மாமனார் மூக்கை உறிஞ்சினார். "சொல்லு. அப்புறம்?"

"ஸ்பெயின்ல கிழங்கை மெல்லிசா சீவி, ஆலிவ் எண்ணெயில மிதக்க விட்டு, சின்னத் தீயில வேகவிடுவாங்க. வறுபடக் கூடாது, குழையவும் கூடாது. அதை வடிச்சு முட்டையில ஊறப்போட்டு, தலையணை கனத்துக்கு ஒரு ஆம்லெட்."

"அதுக்கு மாவுக் கிழங்கு ஆகாதே. உடைஞ்சு போகும். மெழுகு மாதிரி இறுக்கமா இருக்கணும்."

மாப்பிள்ளை ஆச்சரியத்தோடு அவரைப் பார்த்தான். "ஆமா மாமா. சரியா சொன்னீங்க."

"கிழங்கைக் கையில எடுத்தா அது எதுக்கு ஆகும்னு சொல்லிடுவேன். எதுவா ஆச்சுன்னுதான் பார்த்ததில்லை. அடுத்தது சொல்லு."

இத்தாலிக்குப் போனார்கள். மசித்த கிழங்கில் கொஞ்சம் மாவு சேர்த்துப் பிசைந்து, விரல்நுனி அளவுக்குத் துண்டு போட்டு, முள்கரண்டியின் முதுகில் உருட்டிக் கோடு போட்டு, கொதிக்கிற தண்ணீரில் போடுவார்கள் என்றான். வெந்ததும் அது தானாக மேலே மிதந்து வரும். அதற்குப் பழைய கிழங்குதான் சரி, புதுசு தண்ணீர் விடும் என்றார் மாமனார். பிறகு அயர்லாந்து. மசியலில் வதக்கிய முட்டைக்கோஸைக் கலந்து தட்டில் குவித்து, நடுவில் குழி பறித்து, உருகிய வெண்ணெயை ஊற்றுவார்கள். ஓரத்திலிருந்து எடுத்து அந்தக் குழியில் தோய்த்துத் தோய்த்துத் தின்பார்கள். மாமனார் தன் சாக்குச் சட்டைக்குள்ளிருந்து கையை நீட்டி, காற்றில் ஒரு கவளம் எடுத்து, காற்றில் தோய்த்துப் பார்த்தார்.

"இதெல்லாம் நம்ம கடையிலயா இருக்கு?"

"எல்லாமே இருக்கு மாமா."

"பேர்தான் தெரியும் எனக்கு. மத்தியானம் வந்து வாசல்ல நிப்பேன். வர்ற வாசத்தை வச்சு, இது இப்படி இருக்கும், அது அப்படி இருக்கும்னு நானா நினைச்சுக்குவேன். அதோட சாப்பிட்ட மாதிரி திருப்தி."

அவர் அப்படி நிற்பதைத்தானே மாப்பிள்ளை இத்தனை நாளும் வேவு பார்ப்பது என்று நினைத்து வெந்துகொண்டிருந்தான்?

"தூங்கிட்டியா? சொல்லுடா" என்று இப்போது மாமனார் அவனை இடித்தார்.

பெரு நாட்டு மலையைப் பற்றிச் சொன்னான். அங்கே உயரத்தில் இருக்கிறவர்கள் கிழங்கை ராத்திரிப் பனியில் பரப்பி விடுவார்கள். அது கல்லாக உறைந்து, பகல் வெயிலில் இளகும். இளகியதைக் காலால் மிதித்துத் தண்ணீரைப் பிழிவார்கள். மறுபடி பனி, மறுபடி வெயில். கடைசியில் தக்கை மாதிரி ஆகிவிடும். பல வருடம் கெடாது.

"காலாலயா மிதிக்கிறாங்க?" மாமனாருக்கு மனம் ஆறவில்லை. "கிழங்கையா?" தரையில் உருண்டு கிடந்த கிழங்குகளைப் பார்த்துவிட்டு, "குளிர்ல கிடந்து, மிதிபட்டு... அதுக்கப்புறமும் கிழங்கு ருசிக்குதா?" என்றார்.

"ருசி வேற மாதிரி ஆயிடும் மாமா."

பேச்சு அதோடு நின்றது. மாப்பிள்ளையின் கால் விரல்கள் எங்கே போயின என்று அவனுக்கே தெரியவில்லை. இந்தக் கிழங்குகளுக்கு நடுவிலேயே செத்துப்போவோம் என்று முதன்முறையாக நிச்சயமாகத் தோன்றியது. மகளின் முகத்தை நினைக்கப் பார்த்தான். முன்பல் விழுந்த ஓட்டைதான் நினைவுக்கு வந்தது, முகம் வரவில்லை.

"ஏன் போகணும்ங்கறே?" என்றார் மாமனார், தணிந்த குரலில்.

"மூச்சு முட்டுது மாமா. உங்க மேல கோபம் இல்லை. இங்க இருந்தா இதுக்கு மேல நான் என்ன ஆவேன்னு எனக்கு இப்பவே தெரிஞ்சுடுச்சு. அதான்."

"உன்னை விட்டா அவளும் உன்கூட வந்துடுவா. குழந்தையும் வந்துடும். ஆள் இல்லாத வீட்டுல நான் யாருக்கு விளக்கு போடுவேன்? அதுக்குத்தான் ஹோட்டலைக் கட்டினேன். கிழங்கு விக்கறதுக்குன்னு நினைச்சியா?" அவர் மூக்கைச் சாக்கில் துடைத்துக்கொண்டார். "போ. வெளிய போனா நீ போ. நான் தடுக்க மாட்டேன்."

எத்தனையோ நாள் கேட்க ஏங்கிய வார்த்தை. ஆனால் சாகப்போகிறவர் இருப்பதைப் பங்கு பிரித்துக் கொடுக்கிற மாதிரி அவர் சொன்னதால், அதைக் கையில் வாங்கிக்கொள்ள அவனுக்கு மனம் வரவில்லை. "வெளிய போய்ச் சொல்லுங்க மாமா" என்றான்.

பொழுது சாய்கிற நேரத்தில் அவன் மனைவி ஊரிலிருந்து திரும்பினாள். பஸ்ஸிலிருந்தே இருவருக்கும் மாறி மாறிப் போன் செய்திருந்தாள். கடையைத் திறந்து உள்ளே வந்தால், கல்லா மேஜையில் இரண்டு போன்களும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. மாடியில் அப்பாவின் தட்டு காய்ந்திருந்தது. மகள்தான் மண்டிக்குள் ஓடிப்போய், "அம்மா, தாத்தா செருப்பு இங்க இருக்கு" என்றாள். குளிரறைக் கதவின் முன்னால், ஒன்று கவிழ்ந்தும் ஒன்று நிமிர்ந்தும் கிடந்தது.

கதவு திறந்தபோது சாக்கு மாட்டிய இரண்டு உருவங்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு எழுந்தன. குழந்தை கைதட்டிச் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. முதலில் அப்பாவைத் தொட்டாள். பிறகு புருஷனைத் தொட்டாள். பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மாமனாரைச் சில நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து அனுப்பினார்கள். சாப்பிடாமல் மாத்திரை போட்டதற்கு டாக்டர் பிடிபிடியென்று பிடித்தார். வீட்டுக்கு வந்த மறுநாளே மெக்கானிக் வந்து புதுக் கைப்பிடி பொருத்தினார். அதற்கும் மறுநாள் ஹோட்டல் திறந்தது.

தெருவே வந்து மாப்பிள்ளையைக் கொண்டாடியது. "மாப்பிள்ளை மட்டும் இல்லேன்னா பெரியவர் கதி என்ன?" என்றார் டெய்லர். "பெத்த பிள்ளை கூட இப்படிச் செய்யாது. இந்த மாப்பிள்ளையைக் கோயில் கட்டி வச்சுக்கணும்" என்றார்கள் வங்கிக்காரர்கள். மாமனார் கல்லாவில் உட்கார்ந்து, கேட்டவர்களுக்கெல்லாம் கதையைச் சொன்னார். பச்சைக் கிழங்கு வரும், சாக்குச் சட்டை வரும், அவருடைய நாக்கு குழறியது வரும். அவர் கொடுத்த வாக்கு மட்டும் ஒருமுறை கூட வரவில்லை. "என் உசுரைக் காப்பாத்தின மாப்ள. இனிமே எங்க போயிடப் போறாரு?" என்று முடிப்பார்.

அடுப்படியில் நின்று அதைக் கேட்கும்போதெல்லாம் மாப்பிள்ளைக்குக் குப்பென்று வேர்க்கும். முன்பு அவன் போனால் வேலையை விட்டவன். இனி போனால், காப்பாற்றிய கிழவரைக் கைவிட்டவன். உள்ளே இருந்தபோதாவது தட்டுவதற்கு ஒரு கதவு இருந்தது.

கப்பலில் தலைமைச் சமையல்காரராக இருந்தவர் மறுபடி போன் செய்தார். மகளின் பரீட்சை முடிகிற வரைதான் காத்திருக்க முடியும், அதற்கு மேல் முடியாது என்றார். மாப்பிள்ளை துணிந்து மாமனார் முன்னால் போய் நின்றான்.

"உள்ள வச்சு ஒரு வார்த்தை சொன்னீங்க மாமா."

"உள்ள வச்சு ஆயிரம் சொல்லியிருப்பேன் மாப்ள. குளிர் ஜுரத்துல உளர்றதையெல்லாம் மனசுல வச்சுக்கலாமா? நீங்க படிச்சவங்க." டா போய்விட்டது. வாங்க போங்க திரும்பி வந்துவிட்டது. அந்த மரியாதையில் கதவு ஒட்டிக்கொள்கிற சத்தத்தை அவன் தெளிவாகக் கேட்டான். சமையலறைக்குத் திரும்பினான்.

மறுநாள் காலையில், பள்ளிக்கூடம் கிளம்பும் மகளுக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டே அவன் மனைவி பேசினாள். அவள் கண்ணெல்லாம் பின்னலில் இருந்தது. மாமனார் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை படியில் பாதி இறங்கியிருந்தான்.

"பரீட்சை முடிஞ்சதும் நாங்க போறோம்பா."

பேப்பர் தாழ்ந்தது. "மாப்ள சொல்லிக் கொடுத்தாரா?"

"அவர் எங்க சொன்னார்? அவர் உங்களைப் பாவம் பார்க்கிறார். நீங்க அவரைக் கெட்டியா பிடிக்கிறீங்க. நடுவுல நின்னு நின்னு எனக்குக் கால் கடுக்குது. அன்னிக்கு அந்தக் கதவைத் திறந்தப்ப ரெண்டு பேரும் செத்துக் கிடப்பீங்கன்னு நினைச்சுத்தான் திறந்தேன். அந்த ஒரு நிமிஷம் எனக்குத்தான் தெரியும்."

"அதான் ஒண்ணும் ஆகலையே."

"ஆகலை. அதனாலதான் இப்பவே சொல்றேன். நானா ஒரு விஷயம் உங்ககிட்ட கேட்டிருக்கேனாப்பா? கல்லாவுல உட்காருன்னீங்க, உட்கார்ந்தேன். மாடியில இருன்னீங்க, இருந்தேன். இப்பக் கேக்கறேன்."

"அப்ப நான்?"

"நீங்களும் வாங்க."

"மண்டியை விட்டுட்டா?"

அவள் ரிப்பனை இறுக்கி முடிச்சுப் போட்டாள். குழந்தை ஆவென்றது. "உங்களால மண்டியை விட முடியாது. தெரியும். அதே மாதிரிதான்பா" என்றாள். எது அதே மாதிரி என்று அவள் சொல்லவில்லை. மாமனார் பேப்பரை மறுபடி உயர்த்தினார். வெகுநேரம் பக்கத்தைப் புரட்டவில்லை. படியில் நின்றவனுக்கு மேலே போவதா கீழே போவதா என்று புரியவில்லை. குழந்தை பையை மாட்டிக்கொண்டு அவன் கையைப் பிடித்து இழுத்தபோதுதான் அசைந்தான்.

அவர்கள் கிளம்பிய நாளில் மாமனார் மண்டியில் லாரிக்காரரோடு சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். மூட்டையை எறிகிறாய், கிழங்கு நோகாதா என்று அவ்வளவு கோபம். பெட்டிகளோடு இவர்கள் கடந்து போனபோது திரும்பவில்லை. ஆட்டோ தெருமுனை திரும்பியதும் சத்தம் சட்டென்று நின்றது. அதை மூவருமே கேட்டார்கள்.

ஹோட்டலை அவர் மூடிவிட்டார். மகள் போன் செய்தால் எடுப்பார், பேத்தியோடு மட்டும் பேசுவார், வைத்துவிடுவார். கடலோர ஊரில் மாப்பிள்ளைக்குக் கிடைத்த சமையலறைக்குப் பெரிய ஜன்னல்கள் இருந்தன. காலையில் படகுத்துறைக்கு நடந்து போய் மீன் எடுத்து வந்தான். கை பழைய சுறுசுறுப்புக்குத் திரும்பியது. மனைவி அங்கே ஒரு அலுவலகத்தில் வேலை தேடிக்கொண்டாள். ஆனாலும் மதிய வேளையில், வாணலியில் எண்ணெய் பொரிகிற நேரத்தில், அவன் தன்னையறியாமல் வாசல் பக்கம் திரும்பிப் பார்ப்பான். அங்கே யாரும் நிற்கமாட்டார்கள். அன்றைய சமையலில் ஏதோ ஒன்று சப்பென்று போய்விடும்.

அடுத்த பள்ளி விடுமுறையில், சொல்லாமல் கொள்ளாமல் மாமனார் வந்து இறங்கினார். சில நாட்கள் தங்கினார். மகளோடு கடற்கரையில் நடந்தார். பேத்தியோடு சண்டை போட்டார். மாப்பிள்ளை ஆவியில் வேகவைத்துக் கொடுத்த மீனை முள் எடுத்து, சத்தமில்லாமல் தட்டைக் காலி செய்தார். நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் போடச் சொன்னார். பழைய பேச்சு எதையும் இருவரும் எடுக்கவில்லை.

ஊருக்குத் திரும்புகிற அன்று மாப்பிள்ளைதான் பஸ் ஏற்றிவிடப் போனான். ஜன்னல் ஓரத்தில் இடம் பிடித்துக் கொடுத்தான். மாத்திரை, சாப்பாடு, தண்ணீர் எல்லாம் எந்தப் பையில் இருக்கிறது என்று காட்டினான். மாமனார் எதிலும் கவனமில்லாமல் கடைத்தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் உறுமத் தொடங்கியதும் தலையை வெளியே நீட்டினார்.

"மாப்ள, இந்த ஊருக்குக் கிழங்கு எங்க இருந்து வருது? இங்க யாராவது மண்டி வச்சிருக்காங்களா?"

மாப்பிள்ளைக்குப் பயம் வந்தது. அதோடு சிரிப்பும் வந்தது. எது முதலில் வந்தது என்று அவனால் சொல்ல முடியவில்லை. இந்த ஊரில் மண்டியே கிடையாது, நல்ல கிழங்குக்கு எல்லாரும் திண்டாடுகிறார்கள் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும்.

"தெரியலை மாமா. விசாரிக்கணும்" என்றான்.

"விசாரிங்க, விசாரிங்க" என்றார் மாமனார். பஸ் நகர்ந்தது. அவர் தலை ஜன்னலுக்கு வெளியிலேயே இருந்தது. எந்தெந்தக் கடை பூட்டிக் கிடக்கிறது, வண்டி வந்து நிற்க எங்கே இடமிருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார்.